வினை சரி, வாக்கியம் தப்பு: ஆங்கில இறந்தகாலமும் அதை ஒட்டி வரும் ப்ரிபோசிஷனும்

கோ, வென்ட், கான். டேக், டுக், டேக்கன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடக்கூடியவர்கள்தான் என் மாலை வகுப்புக்கு வருகிறார்கள். பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள். வினையின் இறந்தகால வடிவம் அவர்களுக்குத் தகராறே இல்லை. அதற்கு அடுத்து ப்ரிபோசிஷன் என்று ஒரு சின்ன வார்த்தை வருகிறதே, டு, அட், இன், ஆன், ஃபார் என்று, அங்கேதான் வாக்கியம் இடறுகிறது. "ஐ ரீச்ட் டு ஆஃபீஸ்." "ஹி எக்ஸ்ப்ளெயின்ட் மீ." "ஐ கேம் பிஃபோர் த்ரீ டேஸ்." இப்படி எழுதுகிறவர் திறமை குறைந்தவர் இல்லை. தமிழில் சரியாக யோசித்திருக்கிறார், அந்தச் சரியான தமிழ்தான் ஆங்கிலத்துக்குள் தப்பாக வந்து நிற்கிறது. பிழைக்கு அடியில் இருக்கும் தமிழைக் கண்டுபிடித்துவிட்டால் அது திரும்ப வராது என்பது என் அனுபவம்.

தமிழில் உருபு பெயரோடு ஒட்டும். சென்னைக்கு, சென்னையில், சென்னையை. அதனால் நம் கண் எப்போதும் பெயரையே பார்க்கிறது: "சென்னைக்கு, அப்படியென்றால் டு சென்னை." ஆங்கிலத்தில் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் நிற்கும் வினையை. எந்த ப்ரிபோசிஷன் வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. காலம் மாறினாலும் வினைக்குரிய ப்ரிபோசிஷன் மாறாது. வெயிட் ஃபார் என்றால் வெயிட்டட் ஃபார், வில் வெயிட் ஃபார். ஒரு தடவை படித்தால் மூன்று காலத்துக்கும் ஆயிற்று.

முதலில்: பிழை எந்தப் பக்கம்?

எழுதிய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ப்ரிபோசிஷனில் தொடங்கும் பகுதி முழுவதையும் விரலால் மறையுங்கள். "ஷி டிட் நாட் வென்ட் டு த பேங்க்" என்பதில் "டு த பேங்க்" மறைந்தால் மிஞ்சுவது "ஷி டிட் நாட் வென்ட்". இன்னும் தப்பாகவே இருக்கிறது. அப்படியானால் கோளாறு வினையில். டிட் வந்து இறந்தகாலத்தை எடுத்துக்கொண்டது, வினை பழையபடி கோ ஆகிவிட வேண்டும்: "ஷி டிட் நாட் கோ டு த பேங்க்." "ஐ பார்ன் இன் 1998" என்பதும் இதே வகை. இன் சரி, வினைதான் குறை: "ஐ வாஸ் பார்ன் இன் 1998."

மறைத்த பிறகு வினை சரியாக இருந்தால், அடுத்து அந்தச் சின்ன வார்த்தையை மட்டும் மறைத்துப் பாருங்கள். "ஷி ரீச்ட் டு த பேங்க்" என்பதில் டு மறைந்தால் "ஷி ரீச்ட் த பேங்க்." வாக்கியம் நன்றாக நடக்கிறது. அப்படியானால் அந்த டு அங்கே வேண்டாத விருந்தாளி. இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

அறிகுறி: வேண்டாத இடத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக வருகிறது

ரீச்ட் டு, டிஸ்கஸ்ட் அபவுட், மேரிட் வித், என்டர்ட் இன்டு த ரூம். நான் திருத்தும் தாள்களில் மிக அதிகமாக வருபவை இந்த நான்கும்தான்.

அடியில் இருக்கும் தமிழைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், திட்டத்தைப் பற்றிப் பேசினோம், அவரோடு கல்யாணம் ஆனது, அறைக்குள் நுழைந்தேன். கு, பற்றி, ஓடு, உள் ஆகிய நான்கும் அப்படியே ஆங்கில உடை போட்டுக்கொண்டு வந்துவிட்டன. ஆனால் ரீச் என்ற வினைக்குள்ளேயே "சேர்" என்பதோடு அந்தக் குவ்வும் அடங்கியிருக்கிறது. டிஸ்கஸ் என்பதற்குள் "பற்றி" இருக்கிறது. வெளியே இன்னொன்று வைத்தால் "பற்றிப் பற்றிப் பேசினோம்" என்ற கதை.

ஐயம் வந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். "த பிளான் வாஸ் டிஸ்கஸ்ட்." குறையில்லாமல் நிற்கிறது, ஆகவே அபவுட் வேண்டாம். இதே சோதனையை டாக் என்ற வினைக்குச் செய்தால் "த பிளான் வாஸ் டாக்ட் அபவுட்" என்றுதான் வர வேண்டும், அபவுட் இல்லாமல் நிற்காது. ஆகவே அங்கே அது வினையின் பங்காளி.

இந்தப் பிழை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. பெயர்ச்சொல்லாக வரும்போது இதே சொற்கள் ப்ரிபோசிஷனைக் கேட்கும். "வி ஹேட் எ டிஸ்கஷன் அபவுட் த பிளான்" சரி, "வி டிஸ்கஸ்ட் த பிளான்" சரி. "எ விசிட் டு ஊட்டி" சரி, "வி விசிட்டட் ஊட்டி" சரி. "எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்", ஆனால் "ஐ ரிக்வெஸ்டட் லீவ்". காதில் விழுந்த பெயர்ச்சொல் வடிவத்தை வினையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். அந்த வார்த்தை வாக்கியத்தில் பெயரா வினையா என்று ஒரு கணம் பார்த்தால் போதும்.

எச்சரிக்கை ஒன்று: "என்டர்ட் இன்டு அன் அக்ரிமென்ட்" என்பது தப்பில்லை. அறைக்குள் நுழைவதற்கு இன்டு வேண்டாம், ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு வேண்டும். "காட் மேரிட் டு" என்பதும் சரி. அங்கே டு வருமே தவிர வித் வராது.

அறிகுறி: வேண்டிய வார்த்தை காணாமல் போகிறது

"ஐ லிசன்ட் த சாங்." "வி வெயிட்டட் த பஸ்." இரண்டும் அடிக்கடி வரும். லிசன்ட் டு, வெயிட்டட் ஃபார் என்று சேர்த்துவிட்டால் முடிந்தது. நான் இங்கே நின்று பார்க்கச் சொல்வது வேறு இரண்டு இடங்களை.

ஒன்று, கேட்டேன். தமிழில் இந்த ஒரே வினை எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாட்டு கேட்டேன்: "லிசன்ட் டு எ சாங்." அவரைக் கேட்டேன்: "ஆஸ்க்ட் ஹிம்", சின்ன வார்த்தை எதுவும் இல்லை. பணம் கேட்டேன்: "ஆஸ்க்ட் ஃபார் மனி." அவரைப் பற்றிக் கேட்டேன்: "ஆஸ்க்ட் அபவுட் ஹிம்." அவர் நலமா என்று கேட்டேன்: "ஆஸ்க்ட் ஆஃப்டர் ஹிம்." தமிழில் எது கேட்கப்பட்டது என்பதைப் பெயரும் உருபும் காட்டிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஆஸ்க்ட் என்பதை அடுத்து வரும் வார்த்தைதான் காட்டுகிறது. அதை விட்டால் பொருளே போய்விடும்.

இரண்டாவது, தேடினேன். கோயில் திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தொலைந்ததைப் பற்றி ஒரு பெண் எழுதியிருந்தார்: "வி சர்ச்ட் த சைல்ட் ஃபார் ஒன் அவர்." வகுப்பில் யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. சர்ச்ட் என்பதை அடுத்து நேராக ஒரு ஆள் வந்தால், அந்த ஆளைச் சோதனை போட்டதாகத்தான் பொருள். விமான நிலையத்தில் பையைத் திறந்து, சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார்களே, அது. காணாமல் போனதைத் தேடினால் "சர்ச்ட் ஃபார்". ஒரு ஃபார் இல்லாததால் தாயே ஒரு மணி நேரம் குழந்தையைச் சோதனை போட்டதாக ஆகிவிட்டது. சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்த ஃபாரை இனி அவர் எங்கேயும் விடமாட்டார்.

"ஹி எக்ஸ்ப்ளெயின்ட் மீ த ப்ராப்ளம்" என்பதைத் திருத்துவது சிரமம், ஏனென்றால் "ஹி டோல்ட் மீ", "ஹி கேவ் மீ", "ஹி ஷோட் மீ" எல்லாம் சரி. எக்ஸ்ப்ளெயின் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது. விளக்கிய விஷயம் முதலில், ஆள் பிறகு டுவோடு: "ஹி எக்ஸ்ப்ளெயின்ட் த ப்ராப்ளம் டு மீ." செட், சஜஸ்டட் இரண்டும் இதே குணம்.

அப்புறம் அரைவ்ட். ரீச்ட் என்பதற்கு எதுவும் வேண்டாம் என்று படித்த கையோடு "அரைவ்ட் மதுரை" என்று எழுதிவிடுகிறார்கள். அரைவ்டுக்கு ப்ரிபோசிஷன் வேண்டும், ஆனால் டு வராது. ஊர் என்றால் "அரைவ்ட் இன் மதுரை", ஸ்டேஷன் போல ஒரு இடம் என்றால் "அரைவ்ட் அட் த ஸ்டேஷன்". அரைவ் என்பது பயணத்தைச் சொல்லாமல் வந்து நிற்கும் இடத்தைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

அறிகுறி: வாக்கியம் சரி, ஆனால் படிப்பவர் வேறு பொருள் கொள்கிறார்

இலக்கணத் திருத்தி மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடிக்காத வகை இது. முன்பு என்னிடம் படித்த ஒருவர், வேலையிடத்தில் தன்னை எல்லார் முன்னாலும் மேலதிகாரி திட்டியதைப் புகாராக எழுதிக் காட்டினார். "ஹி ஷவுட்டட் டு மீ" என்று இருந்தது. தூரத்தில் நின்ற உங்களுக்குக் கேட்கட்டும் என்று அவர் சத்தமாகக் கூப்பிட்டார், அவ்வளவுதான் அதற்குப் பொருள். புகாரின் உயிரே போய்விட்டது. "ஹி ஷவுட்டட் அட் மீ" என்று ஒரு வார்த்தையை மாற்றிக் கொடுத்தேன்.

டு என்றால் எதிராளியிடம் சேர்ப்பது, அட் என்றால் எதிராளியைக் குறி வைப்பது. பந்து பிடிக்கட்டும் என்று வீசினால் "த்ரோ" வினையோடு டு, அடிக்கட்டும் என்று வீசினால் அட். தமிழிலும் இந்த வித்தியாசம் இருக்கிறது, வேறு விதமாக: "அவரிடம் வீசினான்", "அவர்மேல் வீசினான்".

எதுவுமே இல்லாமல் வருவதற்கும் அட் வருவதற்கும்கூட வித்தியாசம் உண்டு. "ஹி ஷாட் த டைகர்" என்றால் குண்டு புலிமேல் பட்டது. "ஹி ஷாட் அட் த டைகர்" என்றால் குறி வைத்துச் சுட்டார், பட்டதா என்று தெரியாது. புலியைச் சுட்டார், புலியைப் பார்த்துச் சுட்டார். எந்த இடத்தில் தமிழில் "பார்த்து" போடத் தோன்றுகிறதோ அங்கே அட் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: நேரம் சொல்லும்போது குழப்பம்

"எஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "திஸ் மார்னிங்" இவற்றுக்கு முன்னால் ஆன், இன் எதுவும் வேண்டாம். தேதிக்கு ஆன், வருடத்துக்கு இன், கடிகார நேரத்துக்கு அட். இந்தியா சுதந்திரம் அடைந்தது "இன் 1947", "ஆன் ஆகஸ்ட் 15, 1947", "அட் மிட்நைட்". இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே மூன்றும் இருக்கின்றன.

"ஐ கேம் பிஃபோர் த்ரீ டேஸ்" என்பதைத் திருத்தும்போது எனக்கு எப்போதும் ஒரு ஆற்றாமை. மூன்று நாளுக்கு முன்பு என்ற தமிழை ஆங்கிலம் இங்கே அபூர்வமாக அதே வரிசையில் வைத்துக்கொள்கிறது: "த்ரீ டேஸ் அகோ." மூன்று, நாள், முன்பு. ஆங்கிலத்தில் எல்லாம் முன்னால் வர வேண்டும் என்று படித்துவிட்டதால், தமிழ் போலவே எழுதினால் சரியாக வரும் இடத்தில் மாற்றி எழுதிக் கெடுத்துக்கொள்கிறோம். அகோ என்பது "கடந்து போன" என்று பொருள்படும் ஒரு பழைய வினை வடிவத்திலிருந்து தேய்ந்து வந்தது. மூன்று நாள் போயிற்று. அதனால்தான் அது நாளுக்குப் பின்னால் நிற்கிறது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் ஃபார் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். "ஐ வொர்க்ட் தேர் ஃபார் டூ இயர்ஸ்" என்றால் அந்த வேலை முடிந்துவிட்டது. இரண்டு வருடம் வேலை பார்த்தேன். இன்னும் அங்கேயே இருந்தால் இறந்தகால வினை உதவாது: "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்." தமிழில் இதற்கு நிகழ்காலமும் ஒரு "ஆக"வும் போடுகிறோம், இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன் என்று. அந்த நிகழ்காலம்தான் "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்" என்ற பிழையைப் பெற்றெடுக்கிறது. சின்ஸ் என்பதற்கு அடுத்து தொடங்கிய புள்ளி வர வேண்டும், "சின்ஸ் 2022" போல. கால அளவு வந்தால் ஃபார்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று. "ஐ ரெட் த புக் ஃபார் அன் அவர்." "ஐ ரெட் த புக் இன் அன் அவர்." முதலாவதில் ஒரு மணி நேரம் படித்தேன், புத்தகம் முடிந்ததா என்று தெரியாது. இரண்டாவதில் ஒரு மணி நேரத்தில் படித்து முடித்துவிட்டேன். தமிழில் "முடி", "விடு" என்று துணைவினை போட்டுச் சொல்லும் செய்தியை ஆங்கிலம் ஒரு ப்ரிபோசிஷனிடம் ஒப்படைத்துவிடுகிறது. வினை இரண்டிலும் ஒன்றுதான்.

அறிகுறி: வாக்கியம் சரிதான், ஆனால் மொழிபெயர்த்தது போல இருக்கிறது

"ஹி வென்ட் அவுட் ஆஃப் த ரூம் பை ரன்னிங்." இதில் இலக்கணப் பிழை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் ஆங்கிலக்காரர் இப்படிச் சொல்லமாட்டார்.

தமிழ் வினையெச்சம் இங்கே உள்ளே நிற்கிறது. ஓடி வெளியே போனான். போகும் திசை முற்றுவினையில், எப்படிப் போனான் என்பது எச்சத்தில். ஆங்கிலத்தில் இது தலைகீழ். எப்படி என்பதுதான் முற்றுவினை, திசை ப்ரிபோசிஷனில்: "ஹி ரேன் அவுட் ஆஃப் த ரூம்." லியோனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகளை இந்த அடிப்படையில் பிரித்துப் பார்த்தார்: பாதையை வினைக்குள் வைப்பவை ஒரு வகை, வினைக்கு வெளியே ஒரு சின்னச் சொல்லில் வைப்பவை இன்னொரு வகை. ஆங்கிலம் இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம்.

திருத்தும் முறை சுலபம். தமிழ் வாக்கியத்தில் எச்சத்தைப் பிடியுங்கள், அதை ஆங்கிலத்தில் இறந்தகால வினையாக்குங்கள். போனான், வந்தான் என்பதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் அவுட் ஆஃப், இன்டு, அக்ராஸ், அப், டவுன் இவற்றில் ஒன்றை வையுங்கள். நீந்தி ஆற்றைக் கடந்தாள்: "ஷி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்." தவழ்ந்து கட்டிலுக்கு அடியில் போனது: "இட் க்ரால்ட் அண்டர் த பெட்." நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்தார்: "ஹி லிம்ப்ட் ஹோம்." ஒரு வாரம் தினமும் பத்து வாக்கியம் இப்படி மாற்றிப் பழகியவர்களின் ஆங்கிலம் சட்டென்று லேசாவதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி உதாரணத்தில் டு இல்லை, கவனித்தீர்களா? "வென்ட் டு ஹோம்" என்பது ஓயாமல் வரும் பிழை. பழைய ஆங்கிலத்தில் தமிழைப் போலவே பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. வீட்டைக் குறிக்கும் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவமே "வீட்டுக்கு" என்ற பொருளைத் தந்தது. விகுதிகளெல்லாம் தேய்ந்து ப்ரிபோசிஷன்கள் அந்த வேலைக்கு வந்த பிறகும் ஹோம் மட்டும் பழைய வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் இவற்றுக்கும் டு வேண்டாம்.

அறிகுறி: யார் செய்தது என்று புரியவில்லை

"த போலீஸ்மேன் சேஸ்ட் த தீஃப் ஆன் எ பைக்." பைக்கில் இருந்தது யார்? ஆங்கிலம் இதற்குப் பதில் சொல்லாது. பைக்கில் திருடனைத் துரத்தினார், பைக்கில் போன திருடனைத் துரத்தினார் என்று தமிழில் பிரித்துவிடலாம். ஆங்கிலத்திலும் அந்தப் "போன" என்பதை வெளியே கொண்டுவாருங்கள்: "த தீஃப் ஹூ வாஸ் ஆன் எ பைக்." போலீஸ்காரர்தான் பைக்கில் என்றால் "ஆன் எ பைக்" என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் தூக்கிவிடுங்கள்.

அறிகுறி: "பிக்ட் அப் இட்" என்று எழுதித் திருத்தம் வாங்குகிறேன்

இங்கே அப் என்பது ப்ரிபோசிஷன் இல்லை, வினையின் பாதி. இட், ஹிம், தெம் போன்ற சின்னப் பதிலிகள் நடுவில் நுழைய வேண்டும்: "பிக்ட் இட் அப்." ஆனால் "லுக்ட் ஆஃப்டர் இட்" என்பதைப் பிரிக்க முடியாது. எது பிரியும் என்று பார்க்க இந்த ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள்: "ரேன் அப் எ ஹில்", "ரேன் அப் எ பில்". மலைமேல் ஓடினான், கடன் பில் ஏற்றினான். "ரேன் எ பில் அப்" என்று சொல்லலாம், "ரேன் எ ஹில் அப்" என்று சொல்ல முடியாது. மலையோடு வரும் அப்தான் உண்மையான ப்ரிபோசிஷன். அது தன் பெயரை விட்டு நகராது.

அறிகுறி: கேட்கும்போது இறந்தகாலம் காதில் விழுவதே இல்லை

டிக்டேஷனில் "தே வாக்ட் டு த டெம்பிள்" என்று நான் வாசித்தால் பாதிப் பேர் "தே வாக் டு" என்று எழுதுகிறார்கள். காது கோளாறு இல்லை. வாக்ட் முடிவில் ஒரு ட், டு தொடக்கத்தில் ஒரு ட். பேசும்போது இரண்டும் சேர்ந்து ஒரே ட் ஆக, கொஞ்சம் அழுந்தி, ஒலிக்கிறது. வேகமாகப் பேசினால் அந்த அழுத்தமும் போய்விடும். அங்கே காதை நம்பாதீர்கள், பக்கத்து வாக்கியங்களின் காலத்தைப் பாருங்கள்.

லுக்ட் அட் என்பதில் வேறு கதை. அட் உயிரெழுத்தில் தொடங்குவதால் முன்னால் இருக்கும் ட் அதன்மேல் ஏறிக்கொள்கிறது: "லுக்-டட்." ஆங்கிலம் எழுத்தில் பார்த்தே பழகியவர்களுக்கு இது ஏதோ புதிய சொல் போலக் கேட்கும். நம் தமிழில் மெய்யின்மேல் உயிர் ஏறும் புணர்ச்சியே தான் இது. கண் + அழகு கண்ணழகு ஆவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பழகிவிடும். "ஸ்டாப்ட் இன்", "ஆஸ்க்ட் அபவுட்", "டர்ன்ட் ஆஃப்" என்று வாய்விட்டுச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

மேலே எதிலும் அடங்காத பிழை

ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி, அதாவது லேர்னர்ஸ் டிக்ஷனரி ஒன்றைத் திறங்கள். ப்ரிபோசிஷனைத் தேடாதீர்கள், வினையைத் தேடுங்கள். கங்ராசுலேட் என்று பார்த்தால் ஆள் நேராக வருகிறார், காரணம் ஆன் என்பதோடு வருகிறது என்று உதாரண வாக்கியத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "மை நெய்பர் கங்ராசுலேட்டட் மீ ஆன் மை நியூ ஜாப்." பிழையாக எழுதிய பழைய வாக்கியத்தை ஒரு கோட்டால் அடித்து, அதன் கீழே இதை எழுதி, வினையையும் அந்தச் சின்ன வார்த்தையையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டு வையுங்கள்.